செல்லும் அணுவும்: எது எவ்வளவு பெரியது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறை நாள்களில் நுண்ணோக்கியைத் தூக்கிக்கொண்டு பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் போவது என் வழக்கம். வெங்காயத் தோல், குளத்துத் தண்ணீர், கன்னத்தின் உள்பக்கம் சுரண்டி எடுத்த செல்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவேன். எந்த ஊருக்குப் போனாலும் சில கேள்விகள் தவறாமல் வருகின்றன. பிள்ளைகள் மட்டுமல்ல, கூட வரும் பெற்றோரும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, என் பதில்களைச் சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் உள்ள பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும்.

செல் பெரிசா, அணு பெரிசா?

செல்தான் பெரியது. கொஞ்சநஞ்சம் பெரியதல்ல. நம் உடம்பில் உள்ள சாதாரண செல் ஒன்றின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை ஹைட்ரஜன் அணுக்களை வரிசையாக வைத்தால், சுமார் ஒரு லட்சம் அணுக்களை வைக்கலாம். செல்லே அணுக்களால் கட்டப்பட்டதுதான். வீட்டுக்குள் செங்கல் இருக்கிற மாதிரி, செல்லுக்குள் அணு.

இரண்டும் கண்ணுக்குத் தெரியாது என்பதால் பலர் மனத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடாக இருக்கின்றன. இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே அந்த எண்ணம்தான். செல்லுக்கும் அணுவுக்கும் நடுவில் ஒரு பெரிய ஊரே இருக்கிறது.

சிவப்பணு, உயிரணு, விந்தணு என்றுதானே சொல்கிறோம்? அப்போ அதுவும் அணுதானே?

இல்லை. நியாயமான குழப்பம், தமிழில் படிக்கிறவர்களுக்கு எளிதில் வரும் குழப்பம். நம் மொழியில் ‘அணு’ என்றால் பழைய காலத்திலிருந்தே மிகமிகச் சிறியது என்று பொருள். அதனால் கலைச்சொல் ஆக்கியவர்கள் சிறிய பொருள் எதற்கும் அந்தச் சொல்லைக் கடைசியில் சேர்த்துவிட்டார்கள். சிவப்பணு, வெள்ளையணு, விந்தணு எல்லாமே முழு செல்கள். மரபணு என்பது செல்லும் இல்லை, அணுவும் இல்லை. டிஎன்ஏ என்ற நீண்ட மூலக்கூறின் ஒரு பகுதி.

வேதியியல் பாடத்தில் வரும் ஹைட்ரஜன், கார்பன், இரும்பு ஆகியவைதான் சரியான பொருளில் அணு. இலங்கைப் பாடநூல்களில் செல்லைக் ‘கலம்’ என்கிறார்கள். அங்கே இந்தச் சிக்கல் குறைவு. எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். ஆனால் இங்கே எல்லோருக்கும் பழகிய ‘செல்’ என்பதையே வைத்துக்கொள்கிறேன்.

மைக்ரோமீட்டர், நானோமீட்டர்னு சொன்னா மண்டையில் ஏறவில்லை. மனசில் நிற்கிற மாதிரி சொல்லுங்களேன்.

அளவு முதலில்: ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு மைக்ரோமீட்டர். அதை மறுபடி ஆயிரம் பங்காக்கினால் நானோமீட்டர். செல்களை மைக்ரோமீட்டரிலும் அணுக்களை நானோமீட்டரிலும் அளக்கிறோம். ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவு ஏறத்தாழ 0.1 நானோமீட்டர்.

இப்போது எல்லாவற்றையும் சரியாக ஒரு கோடி மடங்கு பெரிதாக்குவோம். ஹைட்ரஜன் அணு 1 மில்லிமீட்டர் ஆகும், அதாவது ஒரு கசகசா. கார்பன், ஆக்சிஜன் போன்றவை கேழ்வரகு அளவு. தண்ணீர் மூலக்கூறு சுமார் 3 மில்லிமீட்டர். டிஎன்ஏ 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள கயிறு. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் டென்னிஸ் பந்தைவிடக் கொஞ்சம் சிறியது. செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் உரிக்காத தேங்காய். கொரோனா வைரஸ் ஒரு மீட்டர் உருண்டை. நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா 20 மீட்டர், அதாவது இரண்டு பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய நீளம்.

அப்புறம் சிவப்பணு: 75 மீட்டர் அகலம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் ஏறத்தாழ 72 மீட்டர் உயரம்; அதைப் படுக்க வைத்தால் அந்தச் சிவப்பணுவுக்குள் அடங்கிவிடும். பெண்ணின் கருமுட்டை ஒரு கிலோமீட்டர். நீங்கள்? 160 சென்டிமீட்டர் உயரம் என்றால் 16,000 கிலோமீட்டர் ஆவீர்கள். பூமியின் குறுக்களவே 12,742 கிலோமீட்டர்தான். கசகசாவையும் கோபுரத்தையும் மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

கசகசாவுக்கும் கோபுரத்துக்கும் நடுவில் இத்தனை இருக்கிறதா? புத்தகத்தில் அணு, மூலக்கூறு, செல் என்று மூன்றுதானே போட்டிருக்கு?

புத்தகத்தில் ‘மூலக்கூறு’ என்ற ஒரே சொல்லுக்குள் நிறைய ஒளிந்திருக்கிறது. தண்ணீர் மூலக்கூறில் 3 அணுக்கள். குளுக்கோஸில் 24. ஹீமோகுளோபினில் ஏறத்தாழ 10,000. ரைபோசோமில் லட்சக்கணக்கில். எல்லாமே அணுக்கள் சேர்ந்தவைதான், ஆனால் தண்ணீருக்கும் ரைபோசோமுக்கும் உள்ள தூரம் கேழ்வரகுக்கும் தேங்காய்க்கும் உள்ள தூரம்.

செல்லின் சவ்வும் இந்த நடு உலகத்தைச் சேர்ந்ததுதான். அதன் தடிமன் 5 முதல் 8 நானோமீட்டர். மேலே சொன்ன 75 மீட்டர் சிவப்பணுவுக்குச் சுவர் ஒரு சாண்கூட இல்லை, நாலைந்து விரல் கனம். அந்த மெல்லிய சுவர் உடையாமல் ஒரு சிவப்பணு தன்னைவிடக் குறுகலான ரத்த நாளங்களில் நெளிந்து வளைந்து போகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஒரு செல்லுக்குள் எத்தனை அணு இருக்கும்?

ஏறத்தாழ ஒரு கோடி கோடி. பேச்சுக்குச் சொல்லும் கோடானுகோடி இல்லை. கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் எண், 1 போட்டு 14 சைபர்.

கணக்கு எளிது. செல்லில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கிராம் தண்ணீரில் ஏறத்தாழ 1 போட்டு 23 சைபர் அணுக்கள் இருக்கின்றன. இவ்வளவு எடையில் இத்தனை மூலக்கூறுகள் என்று கணக்கிட வேதியியலில் பயன்படும் அவகாட்ரோ எண்ணிலிருந்து இது நேராக வருவது. 10 மைக்ரோமீட்டர் அளவுள்ள செல்லின் எடை நூறு கோடியில் ஒரு பங்கு கிராம். 23 சைபரில் 9 போனால் 14. விநாடிக்கு ஒன்று என்று எண்ண ஆரம்பித்தால் முடிக்க 30 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

குறுக்கே ஒரு லட்சம் அணுதான் என்றீர்கள். லட்சத்தை மூன்று முறை பெருக்கினால் 15 சைபர் வருதே, நீங்கள் 14 சொல்றீங்க?

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் கேட்டது. எனக்குக் கிடைத்த கேள்விகளில் இதுதான் சிறந்தது. அவள் செய்த பெருக்கல் சரி: நீளம், அகலம், உயரம் மூன்றிலும் லட்சம் என்றால் 15 சைபர்தான் வர வேண்டும்.

தவறு என் கசகசாவில் இருக்கிறது. செல்லில் உள்ள அணுக்களில் ஹைட்ரஜன்தான் மிகச் சிறியது. நான் அதை வைத்து வரிசை போட்டேன். செல்லில் ஆக்சிஜன், கார்பன், நைட்ரஜன் எல்லாம் இருக்கின்றன. தவிர, அணுக்கள் மூலக்கூறுகளாகச் சேர்ந்திருந்தாலும் மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி உண்டு. சராசரியாக ஒவ்வோர் அணுவும் 0.2 நானோமீட்டருக்குச் சற்று மேல் பக்கமுள்ள பெட்டியை எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் குறுக்கே லட்சம் இல்லை, 46,000 பெட்டிகள். அதை மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 14 சைபருக்கு வந்து நிற்கும்.

மைக்ராஸ்கோப்பில் செல் நல்லாத் தெரியுது. இன்னும் பெரிய லென்ஸ் போட்டா அணு தெரியாதா?

தெரியாது. லென்ஸ் எவ்வளவு நல்லதானாலும் தெரியாது, ஏனென்றால் தடை லென்ஸில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். நமது கோடி மடங்கு உலகத்தில் அது 4 முதல் 7 மீட்டர் அலை. அவ்வளவு பெரிய அலை கசகசாவைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். சாதாரண நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்ட முடியாது என்பதை எர்ன்ஸ்ட் அபே என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1873இல் விளக்கினார். எனவே செல் தெரியும், பாக்டீரியா தெரியும்; ரைபோசோம்கூடத் தெரியாது, அணு எங்கே?

சிறியதைப் பார்க்கச் சிறிய அலை வேண்டும். எக்ஸ் கதிரின் அலைநீளம் அணுவின் அளவை ஒட்டியது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் எக்ஸ் கதிரை ரைபோசோம் படிகங்களில் செலுத்தித்தான் அதில் எந்த அணு எங்கே இருக்கிறது என்று கண்டார். அந்த வேலைக்காக 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தேங்காய்க்குள் ஒவ்வொரு கசகசாவின் இடத்தையும் குறித்துக் கொடுத்த வேலை அது. இன்னொரு வழி, பார்க்காமல் தடவித் தெரிந்துகொள்வது. 1981இல் சூரிச்சில் பின்னிக், ரோரர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் செய்த கருவியில் மிகக் கூரான ஊசி முனை பரப்பின் மேல் நகர்ந்து அணுக்களின் மேடு பள்ளத்தை உணர்ந்தது. 1989இல் அதே வகைக் கருவியால் 35 செனான் அணுக்களை நகர்த்தி மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதிக் காட்டினார்கள்.

அதுக்கு முன்னாடி யாருமே பார்க்காத காலத்தில் அளவு எப்படித் தெரியும்?

எண்ணெயை வைத்தே தோராயமாகக் கண்டுபிடிக்கலாம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனில் கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றினார். அது பரவிப் பரவி அரை ஏக்கர் போல, நம் கணக்கில் 50 சென்ட், கண்ணாடிபோல அமைதியாகிவிட்டது. 1774இல் அவர் அதை எழுதி வெளியிட்டார்.

தேக்கரண்டியை 4 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 சென்ட் என்பது சுமார் 2,000 சதுர மீட்டர். வகுத்தால் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் 2 நானோமீட்டர். அதற்கு மேல் மெலிய முடியாது, ஒரு மூலக்கூறின் உயரம் அவ்வளவுதான்! ஃபிராங்க்ளின் இந்த வகுத்தலைச் செய்யவில்லை. நூறு ஆண்டுக்கு மேல் கழித்து ராலே பிரபு என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் செய்தார். ஒரு குளமும் ஒரு கரண்டியும் போதுமாயிருந்திருக்கிறது. பள்ளிகளில் தட்டில் தண்ணீர் ஊற்றி, மேலே பவுடர் தூவி, ஊசி முனையில் எண்ணெய் தொட்டு வைத்து இதைச் செய்து காட்டலாம்.

செல்லுக்கும் நியூக்ளியஸ், அணுவுக்கும் நியூக்ளியஸ். இரண்டும் ஒன்றா?

பெயர் மட்டும் ஒன்று. நடுவில் இருக்கும் கொட்டை என்ற பொருளில் இரண்டு துறைக்காரர்களும் அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். செல்லின் உட்கருவுக்கு 1831இல் பெயர் வைத்தவர் ராபர்ட் பிரவுன். அணுவின் கருவை 1911இல் அறிவித்தவர் ரூதர்ஃபோர்டு.

செல்லின் உட்கரு 6 முதல் 10 மைக்ரோமீட்டர் வரை இருக்கும், செல்லில் நல்ல இடத்தை எடுத்துக்கொள்ளும். அணுவின் கரு அப்படியில்லை. கசகசா அளவுக்குப் பெரிதாக்கிய ஹைட்ரஜனிலும் அதன் கரு 17 நானோமீட்டர்தான், கொரோனா வைரஸின் ஆறில் ஒரு பங்கு. கோடி மடங்கு பெரிதாக்கியும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அணுவின் எடையெல்லாம் அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று: கரு இல்லாத அணு கிடையாது. உட்கரு இல்லாத செல் உண்டு, முதிர்ந்த சிவப்பணுவே அப்படித்தான்.

ஒவ்வொரு செல்லிலும் 2 மீட்டர் டிஎன்ஏ என்கிறார்களே, அது எப்படி அடங்கும்?

நம் கோடி மடங்குக் கணக்கில் போட்டால் 2 சென்டிமீட்டர் தடிமனில் 20,000 கிலோமீட்டர் கயிறு, பூமியைப் பாதிச் சுற்று சுற்றும். அதை உட்கரு என்ற 80 மீட்டர் உருண்டைக்குள் வைக்க வேண்டும். முடியாது போலத் தோன்றும். ஆனால் அந்தக் கயிற்றின் மொத்தக் கன அளவைப் பார்த்தால் சுமார் 6,300 கன மீட்டர். உருண்டையோ 2,68,000 கன மீட்டர். நூற்றில் இரண்டு மூன்று பங்குகூட நிறையவில்லை. இடம் தாராளமாக இருக்கிறது. சிக்காமல் சுற்றி வைப்பதுதான் கடினம். அதற்கு 46 துண்டுகளாகப் பிரித்து, ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் நூல்கண்டு போலச் சுற்றி வைத்திருக்கிறது செல்.

யானையோட செல் நம்ம செல்லைவிடப் பெரிசா?

பெரும்பாலும் இல்லை. யானைக்குச் செல்கள் எண்ணிக்கையில் அதிகம். சிவப்பணுவை ஒப்பிட்டால் யானையுடையது சுமார் 9 மைக்ரோமீட்டர், நம்முடையது ஏழு எட்டு, ஆட்டுடையது மூன்று நான்குதான். அணு யாருக்கும் ஒரே அளவு. எறும்பின் கார்பன் அணுவையும் யானையின் கார்பன் அணுவையும் மாற்றி வைத்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

கோழிமுட்டை ஒரே செல் என்று சொல்றது உண்மையா?

மஞ்சள் கரு மட்டும். சேவல் சேராத கடை முட்டையில் மஞ்சள் கரு ஒரு செல்தான். அதில் பெரும்பகுதி சேமித்து வைத்த உணவு. வெள்ளையும் ஓடும் செல்லைச் சேர்ந்தவை அல்ல. ஆகவே ‘செல் என்றால் கண்ணுக்குத் தெரியாது’ என்பது எல்லா செல்லுக்கும் பொருந்தாது. கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவின் அலையாத்திக் காட்டில் கிடைத்த ஒரு பாக்டீரியா ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் நீளமாக வளர்கிறது. 2022இல் அதை விவரித்து எழுதினார்கள். நம் முதுகிலிருந்து கால்வரை போகும் நரம்பு செல்களின் நீளம் ஒரு மீட்டரை எட்டும், தடிமனில் மட்டும்தான் அவை நுண்ணியவை.

அப்படின்னா ரொம்பச் சின்னதாக, அணு அளவுக்கு ஒரு செல் இருக்கலாமே?

இருக்க முடியாது. உயிர் வாழ ஒரு செல்லுக்குச் சவ்வு வேண்டும், டிஎன்ஏ வேண்டும், புரதம் செய்ய ரைபோசோம்கள் வேண்டும். பாக்டீரியாவின் ரைபோசோம் ஒன்றே சுமார் 20 நானோமீட்டர். இவற்றையெல்லாம் வைக்கக் குறைந்தது ஓர் அறை தேவை. நாம் அறிந்த மிகச் சிறிய செல்களில் ஒன்றான மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா 200 முதல் 300 நானோமீட்டர் இருக்கிறது, கசகசா உலகத்தில் இரண்டு மூன்று மீட்டர். தேங்காய்களையும் கயிற்றையும் அடைத்து வைத்த ஒரு சின்ன அறை. அதற்குக் கீழே போனால் வைரஸ்தான், அது தனியாக வாழாது, இன்னொரு செல்லின் தேங்காய்களைக் கடன் வாங்கும்.

செல் இரண்டாகப் பிரியுதே, அப்போ உள்ளே இருக்கும் அணுவும் பிளக்குமா? அணுவைப் பிளந்தால் குண்டு இல்லையா?

ஓர் அணுவும் பிளக்காது. பிரிவதற்கு முன் செல் உணவிலிருந்து புதிய அணுக்களை வாங்கித் தன்னை இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. பிறகு பங்கு போட்டுக்கொள்கிறது. ஒரு வீட்டுக்காரர் செங்கல் வாங்கி இன்னொரு வீடு கட்டுகிறார், எந்தச் செங்கல்லையும் உடைக்கவில்லை. யுரேனியம் போன்ற கனமான அணுவின் கரு பிளப்பது வேறு விஷயம். அந்த அளவு ஆற்றல் செல்லில் எங்கும் இல்லை.

டாக்டர் இரும்புச்சத்து குறைவு என்கிறார். சிவப்பணுவுக்குள் இரும்பு எவ்வளவு இருக்கும்?

இந்தக் கேள்வியை அம்மாக்கள்தான் கேட்பார்கள். செல்லையும் அணுவையும் ஒரே கணக்கில் சேர்த்துக் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 10,000 அணுக்களுக்கு நடுவே 4 இரும்பு அணுக்கள். ஆக, ஒரு சிவப்பணுவில் 108 கோடி இரும்பு அணுக்கள். ஆக்சிஜன் வந்து ஒட்டுவது அந்த நாலு அணுக்களில்தான். மற்ற ஆயிரக்கணக்கான அணுக்கள் அந்த நாலையும் சரியான இடத்தில் பிடித்து வைத்திருக்கின்றன.

பெரியவர் ஒருவர் உடம்பில் ஏறத்தாழ 25 லட்சம் கோடி சிவப்பணுக்கள். 108 கோடியால் பெருக்கி, இரும்பணுவின் எடையையும் சேர்த்தால் சுமார் இரண்டரை கிராம் வருகிறது. ரத்தத்தில் உள்ள இரும்பை மருத்துவர்கள் நேரடியாக அளந்து சொல்வதும் அதே அளவுதான். அணுவிலிருந்து எண்ணிக்கொண்டு வந்த கணக்கும், உடம்பை நிறுத்துச் சொன்ன கணக்கும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. நாலைந்து ஆணியின் எடைகூட இல்லாத அந்த இரும்பு குறைந்தால்தான் படியேறும்போது மூச்சு வாங்குகிறது.

செல்லுக்கு உயிர் இருக்கு. அப்போ அதில் இருக்கும் அணுவுக்கும் உயிர் உண்டா?

இல்லை. மேலே பார்த்த இரும்பு அணுவும் துருப்பிடித்த கம்பியில் உள்ள இரும்பு அணுவும் ஒன்றேதான். அணு வளராது, மூப்படையாது, சாகாது. கோடி கோடி அணுக்கள் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் சேர்ந்து, ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும்போது அதைத்தான் உயிருள்ள செல் என்கிறோம்.

ஒரு சிவப்பணு சுமார் 120 நாள்கள் வாழ்கிறது. பிறகு மண்ணீரலிலும் கல்லீரலிலும் உடைக்கப்படுகிறது. அதிலிருந்த இரும்பு அணுக்களை உடம்பு வெளியே விடுவதில்லை. எலும்பு மஜ்ஜைக்கு அனுப்பி, விநாடிக்கு 20 லட்சம் வீதம் பிறக்கும் புதிய சிவப்பணுக்களில் வைக்கிறது. நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இப்படிச் சுற்றி வருகிறது. உணவிலிருந்து புதிதாகச் சேர்வது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். இன்று உங்கள் விரல் நுனியில் ஓடும் இரும்பு அணுக்களில் பல, சில ஆண்டுகளுக்கு முன்பு நீங்கள் சாப்பிட்ட கீரையிலிருந்து வந்து, இதுவரை பல சிவப்பணுக்கள் மாறியிருக்கும்.